டொயோட்டா 86 எக்ஸாஸ்ட்: எந்த உலோகம் எங்கே, எடை எங்கிருந்து குறையும் – முழுமையான வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் காரில் எடை குறைப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாலே டைட்டானியம் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) முதலில் வந்து நிற்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் சில கிலோ உலோகத்தை மாற்றுவதால் குறைவதில்லை. தேவையில்லாத பாகத்தை எடுப்பதாலும், பைப் சுவரின் தடிமனைக் குறைப்பதாலும்தான் குறைகிறது. உலோகம் மூன்றாவது கேள்வி. அதையும் தீர்மானிக்க வேண்டியது அந்த இடத்தின் வெப்பம்தான்.

இந்த வழிகாட்டிக்கு 2012-ல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொள்கிறோம். சுமார் 1240 கிலோ எடை, 2.0 லிட்டர் பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருப்பது), 200 பி.எஸ். (குதிரைத்திறன்) சக்தி, டர்போ கிடையாது. ஹெடரிலேயே (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் முதல் குழாய்த் தொகுதி) முதல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (நச்சுப் புகையைச் சுத்தமாக்கும் பாகம்) இருக்கிறது. அதன் பிறகு ஓவர்பைப், ஃபிரண்ட் பைப், ரெசனேட்டரோடு (சத்தத்தைக் குறைக்கும் சிறு அறை) நடுப்பைப், கடைசியில் குறுக்கே கிடக்கும் பெரிய சைலென்சர், இருபுறமும் புகை வெளியேறும் வாய். முன்னால் இன்ஜின் உள்ள வேறு எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே முறைதான். அளவுகள் மட்டும் மாறும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்தக் காரில் 9 கிலோ குறைத்தால் மொத்த எடையில் 0.7 சதவீதம், முடுக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ். கூடியதற்குச் சமம். அந்த எடை பின் அச்சுக்குப் பின்னால் இருந்து போவதால், கார் திரும்பத் தொடங்குவதும் திரும்பி நிற்பதும் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். இன்னொரு பக்கமும் உண்டு. எக்ஸாஸ்ட் தாழ்வாகத் தொங்குவது. அதில் எடையை எடுத்தால் காரின் ஈர்ப்பு மையம் மேலே ஏறும். 460 மி.மீ. உயரத்தில் இருக்கும் மையம், 230 மி.மீ. உயரத்திலிருந்து 9 கிலோ போனால் 1.7 மி.மீ. உயரும். மொத்த எடையும் குறைவதால், வளைவில் ஒருபக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் கூடாது. மிகச் சிறிதளவு குறையவே செய்யும். பயம் வேண்டாம், ஆனால் "ஈர்ப்பு மையம் இறங்கும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 1: கழற்றி, எடை போட்டு, எழுதி வைப்பது

கார் முழுதும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். நான்கு ஜாக் ஸ்டாண்டுகள் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. போல்ட், நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். எக்ஸாஸ்டைக் காரின் அடியில் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர்களுக்கு சிலிகோன் ஸ்பிரே போதும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதிப் பழுதாக்கும்.

50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசில் ஒவ்வொரு துண்டையும் தனியாக எடை போடுங்கள். பைப்பின் வெளிவிட்டம், சுவர்த் தடிமன், நீளம், ஃபிளாஞ்சின் (இரு பைப்புகளைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) தடிமன், ஹேங்கர் கம்பியின் விட்டம் எல்லாவற்றையும் வெர்னியர் வைத்து அளந்து எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் வாங்கும் பாகம், விளம்பரத்தில் போட்ட எடையை நம்பி வாங்கிய பாகம்தான். விளம்பரத்தில் "12 கிலோ குறைவு" என்றிருந்தால், எதோடு ஒப்பிட்டார்கள், கிளாம்ப், கேஸ்கெட், வாய்ப்பகுதி எல்லாம் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

படி 2: வெப்பத்தை அளப்பது

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினை டிராக்கில் முழு வேகத்தில் ஓட்டும்போது ஹெடரின் உலோகம் சுமார் 650 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை போகும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் 500–600, நடுப்பைப்பில் 350–450, சைலென்சரில் 250–400 என்று இறங்கும். உங்கள் காரின் அளவு உங்களுக்கு வேண்டும். கே வகை தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி உணரி) பைப்பின் மேல் இறுக்கிக் கட்டி அளப்பது நம்பகமான வழி.

இன்ஃப்ராரெட் கன் வைத்து அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும். பைப் 400 டிகிரியில் இருக்க, கன் அதைவிட வெகு குறைவாகக் காட்டும். பைப்பில் ஒரு ரூபாய் அளவுக்கு மங்கலான கறுப்பு ஹீட் பெயின்ட் அடித்து, காயவிட்டு, அந்தப் பொட்டின் மேல் அளந்தால்தான் உண்மை தெரியும். இந்தப் பொட்டு இல்லாமல் எடுத்த அளவை வைத்து "இங்கே டைட்டானியம் தாங்கும்" என்று முடிவு செய்துதான் பல பைப்புகள் விரிசல் விட்டிருக்கின்றன.

படி 3: எந்த உலோகம் எங்கே

409 ஸ்டெயின்லெஸ்: கம்பெனிப் பைப்புகளில் அதிகம் வருவது. குரோமியம் 11 சதவீத அளவில்தான். நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. மேலே பழுப்புத் துரு பிடிக்கும், காந்தம் ஒட்டும். வெப்பத்தில் குறைவாகவே விரியும் என்பது இதன் பலம்.

304: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விலையில் வேறொன்று இல்லை. ஹெடரில்தான் பிரச்சினை. 425 முதல் 860 டிகிரி வரை நீண்ட நேரம் இருந்தால் உலோகத்தின் நுண்பரல்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து நிற்கும். அந்த எல்லைகள் வலுவிழந்து, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் தொடங்கும். வெப்பத்தில் விரிவதும் அதிகம். 1 மீட்டர் 304 பைப், 30 டிகிரியிலிருந்து 430 டிகிரிக்குப் போனால் 7 மி.மீ. நீளும்.

321: 304-ஐப் போன்றதே, சிறிது டைட்டானியம் சேர்த்திருப்பார்கள். அது கார்பனைத் தன்னோடு பிடித்துக்கொள்வதால் குரோமியம் தப்பிக்கும். டிராக்கில் ஓடும் காருக்கு ஹெடர் கட்டினால் 1.2 மி.மீ. 321 தான் எங்கள் பரிந்துரை. 304-ல் கட்டுவதாக இருந்தால் 1.5 மி.மீ.-க்குக் கீழே போக வேண்டாம்.

இன்கோனெல் 625: நிக்கல் அலாய். அடர்த்தி கன செ.மீ.-க்கு 8.44 கிராம்; அதாவது ஸ்டீலைவிடக் கனம். ஆனால் கடும் வெப்பத்திலும் வலு குறையாததால் 0.9 மி.மீ. சுவரில் கட்டலாம், எடை குறைவது அங்கேதான். ஃபார்முலா 1 ஹெடர்கள் இதில் செய்யப்படுவது இதனால்தான். 200 பி.எஸ். காருக்கு இந்தச் செலவு நியாயமே இல்லை. பெரிய டர்போ போட்டால் யோசிக்கலாம்.

டைட்டானியம் கிரேடு 2: அடர்த்தி 4.51. ஸ்டீலில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கலப்பில்லாத இந்த உலோகம் 300 டிகிரியிலேயே அறை வெப்ப வலுவில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். 425 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உள்ளே இழுத்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் உடையும் தன்மை பெறும். அதனால் 86-ல் நடுப்பைப்பிலிருந்து பின்னால்தான் இதற்கு இடம். அதற்கு முன்னால் போட வேண்டுமானால் அலுமினியம், சிலிகான் சேர்த்து எக்ஸாஸ்டுக்கென்றே செய்யும் டைட்டானிய அலாய்கள் உண்டு. 2001 கார்வெட் இசட்06, 2007-ல் வந்த போர்ஷே 911 ஜி.டி.2 இரண்டிலும் தொழிற்சாலையே டைட்டானியத்தைப் பின்பகுதியில்தான் வைத்தது. மேலே நீலமும் ஊதாவும் படிவது மெல்லிய ஆக்ஸைடு அடுக்கு. அது கெடுதல் இல்லை. சாம்பல் நிறமாகத் தூள் உதிர்ந்தால் அது கெட்டது.

வாங்கும்போது காந்தத்தை நம்ப வேண்டாம். 304, மலிவான 202, டைட்டானியம் எதிலுமே காந்தம் ஒட்டாது. டைட்டானியத்துக்குத் தண்ணீர்ச் சோதனை போதும்: 100 கிராம் துண்டை நூலில் கட்டித் தண்ணீரில் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட்டால் தராசு சுமார் 78 கிராம் காட்ட வேண்டும். 87-க்கு மேல் காட்டினால் அது ஸ்டீல். 202-ஐ 304 என்று சொல்லி விற்பதைக் கண்டுபிடிக்க மாங்கனீசு காட்டும் சொட்டு மருந்துக் கிட் கடைகளில் கிடைக்கும்.

படி 4: வாங்கும் முன் கணக்கு

ஒரு மீட்டர் பைப்பின் எடைக்குச் சூத்திரம் எளிது: 3.14 × (வெளிவிட்டம் − சுவர்) × சுவர் × அடர்த்தி. மி.மீ.-ல் போட்டு 1000-ஆல் வகுத்தால் கிலோ வரும். 63.5 மி.மீ. பைப்புக்கு மீட்டருக்கு:

- 304, 1.5 மி.மீ. சுவர்: 2.34 கிலோ
- 304, 1.2 மி.மீ.: 1.88 கிலோ
- டைட்டானியம், 1.2 மி.மீ.: 1.06 கிலோ
- டைட்டானியம், 1.0 மி.மீ.: 0.89 கிலோ

டர்போ இல்லாத இந்த இன்ஜினுக்கு 63.5 மி.மீ. தாராளம். 76 மி.மீ. போட்டால் சக்தி எதுவும் கூடாது. எடை 20 சதவீதம் கூடும், சத்தமும் ஏறும்.

பைப்பைவிட மற்ற பாகங்களில்தான் ஆச்சரியம் இருக்கிறது. 100 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளம், இரட்டைச் சுவர் ஸ்டீல் வாய் ஒன்று சுமார் 1 கிலோ. இரண்டு போட்டால் 2 கிலோ, அதுவும் காரின் கடைசி நுனியில். ஒற்றைச் சுவர் 1 மி.மீ. டைட்டானிய வாய் 210 கிராம். 10 மி.மீ. தடிமனுள்ள ஸ்டீல் ஃபிளாஞ்ச் ஒரு ஜோடி 1 கிலோவுக்கு மேல். வி-பேண்ட் இணைப்பு (இரு வளையங்களைச் சுற்றி ஒரே பட்டையால் இறுக்குவது) அதில் மூன்றில் ஒரு பங்கு.

கம்பெனி சைலென்சர் கனமாக இருப்பதற்குக் காரணம் உள்ளே உள்ள தடுப்புச் சுவர்களும் இரட்டை ஓடும். 150 மி.மீ. விட்டம், 400 மி.மீ. நீளத்தில், புகை தடுப்பில்லாமல் நேராகப் போகும் நேர்வழி சைலென்சர் ஒன்றை 1.2 மி.மீ. 304-ல் கட்டினால் உள்ளே அடைக்கும் பஞ்சோடு சேர்த்து 3.3 கிலோ. அதையே 1 மி.மீ. டைட்டானியத்தில் கட்டினால் 1.9 கிலோ.

நடுப்பைப்பிலிருந்து பின்னால் 2.5 மீட்டர் பைப், மேலே சொன்ன சைலென்சர் ஒன்று, ஒற்றை வாய், இரண்டு வி-பேண்ட், ஹேங்கர்கள், பின்னால் விளக்கும் அதிர்வுக் குழாய் எல்லாம் சேர்த்தால் மெல்லிய 304-ல் 11.5 கிலோவும் டைட்டானியத்தில் 6 கிலோவும் வரும். இடைவெளி 5.5 கிலோ. அந்த 5.5 கிலோவுக்குக் கொடுக்கும் பணம் டயருக்கும் பிரேக் பேடுக்கும் போனால் லேப் நேரம் அதைவிட அதிகம் குறையும். டயரும் பிரேக்கும் சரியாக இருக்கிற காருக்குத்தான் டைட்டானியம்.

படி 5: காரில் வைத்துப் பொருத்திப் பார்ப்பது

முதலில் இரு முனைகளையும் முடிவு செய்யுங்கள்: முன்னால் ஃபிளாஞ்ச், பின்னால் பம்பரில் வாய் வரும் இடம். பிறகு நடுவை நிரப்புங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று பொட்டு வெல்டிங் மட்டும் போட்டு, ஹேங்கர்களில் தொங்கவிட்டு இடைவெளியைப் பாருங்கள். பக்கவாட்டில் குறைந்தது 20 மி.மீ.; பிளாஸ்டிக், பெட்ரோல் டேங்க், பிரேக் பைப் அருகே 50 மி.மீ.; பம்பருக்கும் வாய்க்கும் இடையே 25 மி.மீ. கம்பெனி போட்ட அலுமினிய வெப்பத் தகட்டை எடை குறைக்கிறேன் என்று கழற்றக் கூடாது.

நீளும் அளவை மறந்தால் எல்லாம் வீண். 2.5 மீட்டர் 304 பைப் 400 டிகிரி ஏறினால் 17 மி.மீ. அளவுக்குப் பின்னால் தள்ளும். டைட்டானியம் 9 மி.மீ. தள்ளும். இன்ஜினுக்கும் முதல் ஹேங்கருக்கும் இடையே ஃபிளெக்ஸ் அல்லது ஸ்பிரிங் போல்ட் இணைப்பு கட்டாயம். ஹேங்கர்கள் குளிர்ந்த நிலையில் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கட்டும், சூடானதும் நேராகும். மெல்லிய பைப்பில் ஹேங்கர் கம்பியை நேரடியாக வெல்டிங் செய்யாதீர்கள். 40 மி.மீ. அகலத்தில் அதே உலோகத் தகடு ஒன்றைச் சேணம்போல் வைத்து, அதன் மேல் கம்பியை வையுங்கள். மெல்லிய பைப்புகளில் மிக அதிகமாக விரிசல் விடும் இடம் இதுதான்.

ஹெடரை மாற்றுவதானால் கன்வெர்ட்டர் எங்கே போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். 86-ல் கம்பெனி ஹெடரோடு கன்வெர்ட்டரும் சேர்ந்தே போய்விடும். 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) மெட்டாலிக் கன்வெர்ட்டர் எடையும் தடையும் குறைவு. ஆனால் பின்னால் தள்ளி வைத்தால் சூடாக நேரமாகும், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும் (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பி0420 கோடு). ஆக்ஸிஜன் சென்சருக்கான எம்18×1.5 நட்டைப் பைப்பின் மேல்பாதியில், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே சாயும்படி வையுங்கள். கீழே வைத்தால் குளிர்ந்த பைப்பில் சேரும் தண்ணீர் சென்சரைக் கொல்லும். நான்கு கால்களும் (சிலிண்டருக்கு ஒன்றாக வரும் குழாய்கள்) சம நீளமுள்ள ஹெடர், நிமிடத்துக்கு 3500–4500 சுழற்சியில் இந்த இன்ஜினுக்கு இருக்கும் டார்க் பள்ளத்தை (இழுவிசை குறையும் பகுதி) குறைக்கும், இ.சி.யூ. டியூனோடு (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றுவது) சேர்த்தால். இந்த இன்ஜினைச் செய்த சுபாருவின் பழைய உறுமல்தான் வேண்டுமென்றால், கால்களின் நீளம் மாறுபடும் ஹெடர்.

கன்வெர்ட்டரை எடுத்துவிடுவது சாலைக் காரில் கூடவே கூடாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சத்தம், புகை மீறலுக்கு 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. 86 அதிகம் ஓடும் மலேசியா, சிங்கப்பூரிலும் சத்த, புகை வரம்புகள் உண்டு. பாகம் வாங்கும் முன்பே அதற்குரிய சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 6: ஆர்கான் வெல்டிங்

டி.சி., எலெக்ட்ரோடு நெகட்டிவில்; 1.6 மி.மீ. டங்ஸ்டன். 1.2 மி.மீ. ஸ்டீலுக்கு 40–50 ஆம்பியர், 1 மி.மீ. டைட்டானியத்துக்கு 30–40. இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இடைவெளியே இருக்கக் கூடாது. மெல்லிய பைப்பில் இடைவெளியை ஃபில்லரால் (உருக்கி நிரப்பும் கம்பி) அடைக்கப் பார்த்தால் ஓட்டைதான் விழும்.

ஃபில்லர்: 304-க்கு 308எல், 304-ஐ 409 உடன் சேர்க்க 309எல், 321-க்கு 347, டைட்டானியம் கிரேடு 2-க்கு அதே கிரேடு கம்பி.

வெளியே டார்ச் ஆர்கான் கொடுக்கிறது. பைப்பின் உள்பக்கம் காற்றுதான் இருக்கும். உள்ளேயும் ஆர்கான் நிரப்பாவிட்டால் ஸ்டீலின் அடிப்பகுதி சர்க்கரைப் பாகு முறிந்ததுபோல் கறுப்பாகச் சொரசொரக்கும். விரிசல் அங்கிருந்து தொடங்கும், உடைந்த துகள் சைலென்சருக்குள் போகும். 63.5 மி.மீ. பைப் 2 மீட்டரில் சுமார் 6 லிட்டர் காற்று. அதை ஆறு தடவை மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் நான்கரை நிமிடம். இரு முனையையும் அலுமினிய டேப்பால் மூடி, மேல்முனையில் சின்னத் துளை விடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம் என்பதால் கீழிருந்து நிரப்புங்கள். மூடிய சிறு அறையில் இதைச் செய்யாதீர்கள். ஆர்கான் தரையோடு தேங்கி மூச்சைத் திணறடிக்கும்.

டைட்டானியத்தில் ஒழுக்கம் இன்னும் கடுமை. அதற்கென்றே வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ், அசிட்டோனில் துடைத்த பைப், சுத்தமான கையுறை. குளோரின் கலந்த கிளீனர் கூடாது. டார்ச் முனையில் பெரிய கப், ஆர்கான் நிமிடத்துக்கு 12–15 லிட்டர். வெல்டிங் முடிந்த பிறகும் உலோகம் 425 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை பின்தொடரும் ஆர்கான் மூடி இருக்க வேண்டும். விளைவை நிறமே சொல்லிவிடும். வெள்ளி நிறம் நல்லது, லேசான வைக்கோல் மஞ்சள் பரவாயில்லை, அடர் நீலம் சந்தேகம், சாம்பல் அல்லது வெள்ளைத் தூள் என்றால் வெட்டி எறிய வேண்டியதுதான். அதன் மேல் மறுபடி ஓட்டினால் சரியாகாது. டைட்டானிய அரவைத் தூள் தீப்பற்றும். எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த மணலைக் கொட்டுங்கள்.

டைட்டானியத்தையும் ஸ்டீலையும் நேராக வெல்டிங் செய்ய முடியாது. இணைப்பு கண்ணாடிபோல் உடையும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வி-பேண்டோ ஃபிளாஞ்சோ வேண்டும். அங்குள்ள திருகுகளில் நிக்கல் ஆன்டி-சீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் டைட்டானிய மரை பற்றிப்பிடித்துவிடும்.

படி 7: சைலென்சர் பஞ்சும் டிரோன் சத்தமும்

நேர்வழி சைலென்சரின் உள்ளே துளையிட்ட பைப். 30 சதவீதமாவது திறந்திருக்கட்டும். அதைச் சுற்றி முதலில் ஸ்டீல் கம்பி நார் ஒரு சுற்று, பிறகு பசால்ட் (எரிமலைப் பாறை) நார். அடைக்கும் அளவு லிட்டருக்கு 100–120 கிராம்; மேலே சொன்ன 5.8 லிட்டர் சைலென்சருக்கு சுமார் 640 கிராம். அமுக்கித் திணித்தால் சத்தம் உறிஞ்சும் திறனே போய்விடும். குறைவாக வைத்தால் அதிர்வில் கட்டியாகி ஒரு மூலையில் ஒதுங்கும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது வெடிக்கிற மாதிரி டியூன் செய்த காரில் இந்த நார் சீக்கிரம் எரிந்து போகும்.

எடை குறைந்த எக்ஸாஸ்டில் எல்லோரையும் வெறுக்க வைப்பது நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்குள் ரீங்கரிக்கும் டிரோன் சத்தம். 86 மேனுவலில் 110 கி.மீ. வேகத்தில், ஆறாவது கியரில், இன்ஜின் சுமார் 2940 சுழற்சியில் இருக்கும். நான்கு சிலிண்டருக்கு அது வினாடிக்கு 98 அதிர்வு. மலேசிய நெடுஞ்சாலை வேக வரம்பும் 110 தான் என்பதால் அங்கே இந்தச் சத்தத்தோடேயே மணிக்கணக்கில் ஓட்ட நேரும். இதற்குத் தீர்வு, முனை மூடிய பக்கக் குழாய் ஒன்றை (படி 4-ல் சொன்ன அதிர்வுக் குழாய்) சேர்ப்பது. நீளம் = ஒலி வேகம் ÷ (4 × அதிர்வெண்). குழாய்க்குள் வாயு 200 டிகிரியில் இருந்தால் ஒலி வேகம் வினாடிக்கு 436 மீட்டர், நீளம் 1.11 மீட்டர். 50.8 மி.மீ. டைட்டானியத்தில் இதன் எடை 780 கிராம். முனையில் நகரும் மூடி வைத்து ஓட்டிப் பார்த்து, சத்தம் அடங்கும் நீளத்தில் நிரந்தரமாக மூடுங்கள். எடை குறைக்கும் வேலையில் திரும்பச் சேர்க்கத் தகுந்த 780 கிராம் இதுவே.

படி 8: பொருத்துவதும் பின்கவனிப்பும்

புதிய கேஸ்கெட் போட்டு, எல்லா இணைப்பையும் தளர்வாக மாட்டி, முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். எம்10 போல்ட்டுக்கு 40–50 நியூட்டன் மீட்டர். வி-பேண்ட் கிளாம்ப்புக்கு அதை விற்றவர் தரும் அளவு. வி-பேண்டை இறுக்கும்போதே சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் சீராக உட்காரும். கசிவு பார்க்க, வாய்ப்பக்கம் வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் முனையைச் செருகி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். ஆக்ஸிஜன் சென்சருக்கு முன்னால் இருக்கும் சிறு கசிவுகூட வெளிக்காற்றை உறிஞ்சி, இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகச் செய்யும்.

முதல் தடவை ஐடிலில் சூடாக்கி, முழுதும் ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள். டைட்டானியப் பைப்பில் விரல் ரேகை இருந்தால் சூடானதும் அப்படியே கறையாகப் பதியும். ஸ்டார்ட் செய்யும் முன் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள். டிராக் நாள் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஹேங்கர் அடித்தகடு, ஃபிளாஞ்ச் கழுத்து, கால்கள் கூடும் கலெக்டர் ஆகிய மூன்று இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரமாக ஓடும் மெல்லிய கரிக்கோடுதான் விரிசலின் முதல் அடையாளம். அது தெரிந்தால் அதன் மேல் வெல்டிங் பூசாதீர்கள். விரிசலின் இரு முனையிலும் 2 மி.மீ. துளையிட்டு, அரைத்து எடுத்து, உள்ளே ஆர்கான் நிரப்பிப் புதிதாகக் கட்டுங்கள். எந்த ஹேங்கர் இறுகியோ ஒட்டியோ இருந்ததால் அங்கே விரிசல் விட்டது என்பதையும் அப்போதே தேடிச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அதே இடம் மறுபடி விடும்.